யானை குறுக்கே வந்தால் சகுனம் பார்ப்பது எப்படி

திருகோணமலையில் இருக்கிறவர்கள் காட்டு விலங்கைப் பார்க்கவென்று எங்கேயும் புறப்பட்டுப் போகத் தேவையில்லை. கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் புள்ளிமான் நிற்கும், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் குரங்கு உங்கள் அர்ச்சனைத் தட்டில் இருக்கிற வாழைப்பழத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டு இருக்கும், கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் பொழுதுபட்ட பிறகு போனால் யானை, குளத்தில் முதலை, வீட்டுக் கோடிக்குள் பாம்பு, அந்தக் கோயில் நிற்கிற சுவாமி மலை உச்சியில் நின்று கடலைப் பார்த்தால், அதிர்ஷ்டம் இருந்தால், நீலத் திமிங்கிலம். இவ்வளவும் இருக்கிற ஊரில் எதையாவது கண்டுவிட்டு வருகிறவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு என்ன பலன்?"

கேலி செய்ய நான் வரவில்லை. எங்கள் வீட்டில் பல்லி சொன்னாலே அம்மா கதையை நிறுத்திவிட்டு நிலத்தில் விரலால் தட்டுவா, நானும் அதைப் பார்த்து வளர்ந்த ஆள்தான். ஆனால் பலன் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முறை தெரியாமல் பார்த்தால் உயிர் போகலாம், காசு போகலாம், இரண்டும் போன ஆட்களும் உண்டு.

அடிப்படையாக ஒன்றை மனதில் வையுங்கள். விலங்கு உங்களைத் தேடி வருவதில்லை. யானை தண்ணீருக்குப் போகிற வழியில் போகிறது, அந்த வழியை வெட்டிக்கொண்டு நாங்கள் தார் ரோட்டுப் போட்டிருக்கிறோம். "யானை குறுக்கே வந்தது" என்று நாங்கள் சொல்கிறோம், யானைக்குக் கதைக்கத் தெரிந்தால் அதே வார்த்தையை எங்களைப் பற்றிச் சொல்லும். சந்திப்பில் ஏதும் அர்த்தம் தேடுவதென்றால் இந்த இடத்தில் இருந்து தேடத் தொடங்குங்கள். "எனக்கு என்ன சொல்ல வந்தது" என்று தொடங்கினால் எங்கேயோ போய் முடியும், "நான் யாருடைய வழியில் நிற்கிறேன்" என்று தொடங்கினால் பாதி பதில் உடனே கிடைத்துவிடும்.

முதலில் வழிவிடுங்கள்

கொழும்புக்குப் போகிற ஏ6 வீதி கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் பெரும்பாலும் காட்டுக்குள்ளால் போகிறது. ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில் மின்னேரியா, கவுடுல்ல குளங்களில் தண்ணீர் வற்றி, வற்றிய கரையில் புதுப் புல் முளைக்கும், அதைத் தேடி யானைகள் நூற்றுக்கணக்கில் அந்தப் பக்கம் கூடும். அந்த மாதங்களில், பொழுதுபட்ட பிறகு அந்த வீதியில் போகிறவர் யானையைக் கண்டால் அது அதிசயம் இல்லை, காணாவிட்டால்தான் அதிசயம். 2011 இல் வனஜீவராசிகள் திணைக்களம் எடுத்த கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க 5,879 யானைகள். 2023 இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகள் செத்தன, அதே வருடம் யானையால் செத்த மனிதர்கள் 150க்கு மேல். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

இரவில் யானை முழுசாகத் தெரியாது. உடம்பும் தார் ரோட்டும் இருட்டும் ஒரே நிறமாகக் கலந்துவிடும், லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிவது நான்கு கால்கள், அதுவும் லைட் போடாமல் நிறுத்தி வைத்த லொறி மாதிரி ஏதோ நிற்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கிட்டப் போன பிறகுதான். ஆகவே வீதியில் புதுச் சாணமோ முறிந்த கொப்புகளோ கிடந்தால் அப்போதே வேகத்தைக் குறையுங்கள். கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்க வேண்டாம், லைட்டை மினுக்கி மினுக்கிப் போட வேண்டாம், எஞ்சினை நிறுத்தவும் வேண்டாம். பின்னால் வருகிற வாகனத்துக்குத் தெரியப்படுத்திவிட்டு மெதுவாகப் பின்னுக்கு எடுங்கள், அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் காத்திருங்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர் முன்கூட்டியே திருப்பி வைத்துக்கொண்டு நிற்கவேண்டும், யானை ஓடி வரும்போது திருப்ப நேரம் இருக்காது.

காதைப் பாருங்கள், அதுதான் முக்கியம். காதை ஆறுதலாக ஆட்டிக்கொண்டு கொப்பு முறித்துச் சாப்பிடுகிற யானை தன் வேலையில் இருக்கிறது. காது ஆடாமல், சாப்பாடும் நின்று, அப்படியே அசையாமல் நின்றால் அது உங்களைக் கேட்டுக்கொண்டு இருக்கிறது. காதை விரித்துத் தலையைத் தூக்கி நிலத்தை உதைத்தால் எச்சரிக்கை, பெரும்பாலும் கொஞ்சத் தூரம் ஓடி வந்து நின்றுவிடும். தும்பிக்கையை உள்ளுக்குச் சுருட்டி, காதைப் பின்னால் ஒட்டி வந்தால் அது விளையாட்டில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கன்னத்தில் கறுப்பாக ஈரக் கோடு வழிந்தால் மதநீர், அந்த யானைக்குப் பக்கத்தில் எந்தப் பக்தியும் செல்லாது. தனியனாக நிற்கிற ஆண் யானையிடம் இரட்டிப்புக் கவனம் தேவை.

கும்பிடலாமா என்றால் தாராளமாகக் கும்பிடலாம், வாகனத்துக்குள் இருந்தபடி. இறங்கிப் போய்ப் பழம் வைப்பது, கற்பூரம் கொளுத்துவது, வாழைக்குலையை எறிவது எல்லாம் கூடாது. புத்தல–கதிர்காமம் வீதியில் வாகனத்தை மறித்து நிற்கிற யானைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், புண்ணியம் என்று நினைத்துப் பழம் கொடுத்த ஆட்கள்தான் அவற்றுக்கு அந்தப் பழக்கத்தைப் படிப்பித்தது. பழம் இல்லாமல் அடுத்ததாக வருகிற ஏழை மோட்டார் சைக்கிள்காரன்தான் அந்தப் புண்ணியத்துக்கு விலை கொடுப்பான்.

மற்றவை சுருக்கமாக. முதலை இருக்கிற குளத்திலோ ஆற்றிலோ மாலை மங்கிய பிறகு இறங்க வேண்டாம், ஒவ்வொரு நாளும் ஒரே துறையில் ஒரே நேரத்தில் குளிக்கவும் வேண்டாம், அது பார்த்து வைத்திருக்கும். குரங்கு கடித்தாலும் பிராண்டினாலும் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அனுமார் கடித்தது நல்லது என்று சொல்கிற ஆளை நம்பவேண்டாம், விசர்நோய்க்கு அனுமாரைத் தெரியாது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர எண் 1992, அம்புலன்ஸ் 1990.

பலன் இல்லாமல் ஒரு தரம் சொல்லுங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டீர்கள், கை நடுக்கம் நின்றுவிட்டது, சரி. இப்போது பலன் பார்க்கலாம். அதற்கு முன்பு கண்டதைக் கண்டபடி ஒரு தரம் யாரிடமாவது சொல்லுங்கள், அல்லது எழுதி வையுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், விலங்கு என்ன செய்துகொண்டு இருந்தது, எந்தப் பக்கம் போனது, நீங்கள் அப்போது எதை யோசித்துக்கொண்டு போனீர்கள். நல்லது கெட்டது எதுவும் சேர்க்கவேண்டாம். ஏன் என்றால் பலன் சேர்ந்தவுடன் கதை வளரத் தொடங்கிவிடும். இலங்கையில் ஆண் யானைகளிலேயே தந்தம் உள்ளவை நூற்றுக்கு ஏழெட்டுத்தான், ஆனால் எங்கள் ஊரில் சொல்லப்படுகிற கதைகளில் பாதிக்கு மேல் கொம்பன் வரும். முதல் நாள் மச்சான் சொல்லும்போது தந்தமில்லாத அலியன், பெரியம்மாவிடம் போகும்போது சின்னத் தந்தம், கோயில் வீதிக்குப் போய்ச் சேரும்போது தந்தம் நிலத்தைத் தொடுகிறது! இந்தக் கொம்பனுக்கு யாராவது சாத்திரி பலன் சொன்னால் அந்தப் பலன் யாருக்கு?

அடுத்தது உங்கள் வீட்டு வழக்கம். யானை என்றதும் சைவ வீட்டில் பிள்ளையார் வருவார். பிள்ளையார் தடையை நீக்குகிறவர் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம், தடையை வைக்கிறவரும் அவர்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவசரமாகப் போகிற பயணத்தில் யானை வழிமறித்தால் அதை "போகாதே" என்று வாசிக்கலாம், "ஆறுதலாகப் போ" என்றும் வாசிக்கலாம். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் அது மட்டும்தான் எனக்கு ஏதும் வேலை தருகிறது: அந்த இரவில் எதற்காக அவ்வளவு வேகமாக ஓடினேன் என்று யோசிக்க வைக்கிறது. முதலாவது வெறும் பயத்தை மட்டும் தருகிறது.

கதிர்காமக் கதையையும் நினைத்துப் பாருங்கள். வள்ளியைப் பயமுறுத்த முருகன் அண்ணனைக் கூப்பிடுகிறார், பிள்ளையார் யானையாக வருகிறார், வள்ளி பயந்து ஓடுகிறாள். வந்தது தெய்வமே என்றாலும் முதலில் வந்தது பயம்தான், அந்தப் பிள்ளை ஓடினாள், நின்று கும்பிடவில்லை. இதைவிடத் தெளிவான பாதுகாப்பு அறிவுறுத்தலை எந்தத் திணைக்களமும் எழுதியதில்லை.

வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்பதையும் சொல்லவேண்டும். மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் நண்பர்களிடம் சகுனம் பற்றிக் கேட்டால் அதை நம்பக் கூடாது என்றுதான் மார்க்கம் சொல்கிறது என்பார்கள். அதே ஆட்கள் குர்ஆனில் யானை, தேனீ, எறும்பு, சிலந்தி பெயர்களில் அத்தியாயங்களே இருக்கின்றன, சிந்திக்கிறவனுக்கு அவற்றில் அத்தாட்சி இருக்கிறது என்றும் சொல்வார்கள். எதிர்காலம் கேட்பது வேறு, படைப்பைப் பார்த்துச் சிந்திப்பது வேறு என்கிற அந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கும், சைவக்காரரும் கடன் வாங்கலாம்.

பாம்பு

பாம்பில்தான் நம்பிக்கையும் ஆபத்தும் மிகவும் நெருங்கி நிற்கின்றன. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்குப் பூக் கொண்டுபோன நாகத்தின் கதையும் புளியம்பொக்கணை நாகதம்பிரானின் பொங்கலும் தெரிந்தவர்கள் வீட்டுக்குள் நாகம் வந்தால் அடிக்க மாட்டார்கள். அது நல்ல வழக்கம், விடவேண்டாம். ஆனால் அடிக்காமல் விடுவது வேறு, பக்கத்தில் போய்ப் பால் வைப்பது வேறு. பாம்புக்குப் பால் உணவில்லை, எலியும் தவளையும்தான் உணவு. பால் வார்க்க மனமிருந்தால் கோயிலில் நாகக் கல்லுக்கு வார்த்துவிடுங்கள்.

செத்தவீடு நடந்து சில நாளில் நாகம் வந்தால், செத்த ஆள்தான் வந்திருக்கிறார் என்று சொல்வார்கள். துக்கத்தில் இருக்கிறவரோடு அதற்கு வாதாடப் போகாதீர்கள். ஆனால் செத்தவீட்டுக்குச் சமைத்த வீட்டில் அரிசியும் மிச்சச் சோறும் சிதறிக் கிடக்கும், எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், கோடிக்குள் தேங்காய் மட்டையும் விறகும் குவித்து வைத்திருந்தால் அங்கேயே தங்கும். ஆகவே அவர் வந்தார் என்று கும்பிட்டுவிட்டு, மட்டைக் குவியலை அப்புறப்படுத்திவிட்டு, பிள்ளைகளை அன்றிரவு நிலத்தில் படுக்கவிடாமல் கட்டிலில் படுக்கவையுங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் செய்யலாம், ஒன்றுக்கொன்று பகை இல்லை.

இரண்டு பாம்பு பிணைந்து எழும்பி நின்று ஆடுவதைக் கண்டால் நாகமும் சாரையும் கூடுகின்றன, மேலே துணி போட்டு எடுத்து வைத்தால் செல்வம் வரும் என்பார்கள். அநேகமாக அவை இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண், பெண்ணுக்காகச் சண்டை பிடிக்கின்றன. தூர நின்று பாருங்கள், அவ்வளவு வடிவான காட்சி அடிக்கடி கிடைக்காது. துணியைக் கையிலேயே வைத்திருங்கள்.

கடித்துவிட்டால் அங்கே பலன் கதை முடிந்தது. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. மோதிரம், காப்பு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், விசமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது, விடியும்போது வயிற்று வலி, கண் இமை தானாகச் சரிகிறது என்றால் அதைச் சந்தேகியுங்கள். விசகடி வைத்தியரிடம் பார்வை பார்க்க ஆசை என்றால் ஆளை வார்ட்டில் சேர்த்த பிறகு கூப்பிடுங்கள், மந்திரம் ஆஸ்பத்திரி மதிலையும் தாண்டி வரும்.

கோட்டை மான்கள்

பிரட்றிக் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் ஆகக் கூடுதலான ஆட்கள் சந்திக்கிற காட்டு விலங்கு அதுதான், ஆகக் குறைவாகக் கவனிப்பதும் அதைத்தான். வெளியூர்க்காரர் கோயிலுக்கு வரும் வழியில் மானைக் கண்டால் நல்ல சகுனம் என்று படம் எடுக்கிறார்கள். சிவன் கையில் மான் இருக்கிறது, கோணேசர் மலையில் மான் நிற்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றுவது இயற்கைதான்.

ஒரு நாள் பின்னேரம் கடற்கரைப் பக்கம் குப்பை கொட்டுகிற இடத்தில் நின்று பாருங்கள். ஒரு பெட்டைமான் தலையைக் குனிந்து சொப்பிங் பையை முன்னங்காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இழுக்கும், உள்ளே சோற்றுப் பருக்கையும் கறி ஊறிய கடதாசியும், பை கிழிந்தால் சோற்றைத் தின்னும், கிழியாவிட்டால் பையோடு சேர்த்து மெல்லும். பொலித்தீன் வாய் ஓரத்தில் தொங்கும், தாடை பக்கவாட்டில் அரைக்கும், பிறகு அதுவும் உள்ளே போய்விடும். வயிற்றில் சேர்ந்த பொலித்தீன் வெளியே வராது, வயிறு நிறைந்த மாதிரியே இருந்து மெலிந்து சாகும். மற்றவை நாயிடமும் வாகனத்திடமும் சாகின்றன.

தாருகாவனத்து முனிவர்கள் சிவனைக் கொல்ல ஏவியவற்றில் மானும் பாம்பும் இருந்தன என்பது புராணம். ஏவிய மானைக் கையில் பிடித்துக்கொண்டார், பாம்பை அணிந்துகொண்டார். (புலியையும் யானையையும் உரித்தார் என்றும் அதே கதை சொல்கிறது, அதை மறைக்க வேண்டாம்.) எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம், மான் அவர் கையில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதுதான். அந்தச் சிற்பத்தைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து பிஸ்கட் உறையை மானுக்கு முன்னால் எறிகிறவர் கும்பிட்டது எதை என்று எனக்கு விளங்கவில்லை. மானைக் கண்டது நல்ல சகுனம் என்று நினைத்தால் செய்ய வேண்டியது சுலபம்: பாண், பிஸ்கட் எதுவும் கொடுக்காதீர்கள், கொண்டுவந்த பையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், கோட்டைக்குள் வாகனத்தை நடக்கிற வேகத்தில் விடுங்கள். கொம்புள்ள கலைமான் பழகின மாதிரித்தான் நிற்கும், கூடுகிற காலத்தில் அது யாரையும் குத்தும், பிள்ளையை அதன் கழுத்தில் சாய்த்துப் படம் எடுக்க வேண்டாம்.

பறவைகள், சுருக்கமாக

கருடன் வட்டமிட்டால் நல்லது என்பார்கள், கும்பாபிஷேகத்தில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது அதற்குத்தான். நாங்கள் கருடன் என்று சொல்கிற செம்பருந்து திருகோணமலையில் மீன் இறக்குகிற இடமெல்லாம் வட்டமிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் பலன் பார்த்தால் மீன் வாங்க நேரம் இருக்காது. கோபுரத்துக்கு மேலே வந்தால் கும்பிடுங்கள், மீன் சந்தைக்கு மேலே வந்தால் தலையில் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காகம் கரைந்தால் விருந்து வரும் என்பது சங்கப் பாட்டுக் காலத்திலேயே இருந்த நம்பிக்கை. கன்னியாவில் வெந்நீர்க் கிணற்றடியில் கிரியை முடித்துப் பிண்டம் வைத்தவர்களும், புரட்டாதிச் சனிக்கு எள்ளுச் சோறு வைத்தவர்களும் காகத்துக்காகக் காத்து நிற்பார்கள். காகம் வராவிட்டால் முன்னோர் கோபம் என்று அழுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள், அப்புறம் வரும், ஆள்கூட்டம் சோற்றுக்கு மேலே நின்றால் எந்தக் காகம் வரும்?

ஆந்தை அலறினால் சாவு என்று எங்கள் பக்கம் சொல்கிறோம், வங்காளத்தில் அதே ஆந்தை லட்சுமியின் வாகனம், வீட்டுக்கு வந்தால் செல்வம். ஒரே பறவைக்கு இரண்டு ஊரில் இரண்டு நேர்மாறான பலன் இருக்கும்போது, அது வயலில் எலி பிடிக்க வந்தது என்கிற மூன்றாவது பலனையும் கொஞ்சம் யோசிக்கலாம். காட்டுக்குள் இரவில் பிள்ளை அழுவது போல் கேட்கிற, சிங்களத்தில் உலமா என்று சொல்கிற பேய்ப்பறவையின் குரலையும் பெரிய காட்டு ஆந்தை ஒன்றின் குரல் என்றுதான் பறவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். கேட்டால் மயிர் கூச்செறியும், அது எந்த விளக்கத்தாலும் நிற்காது.

கடல்

பங்குனி கடைசியில் இருந்து ஆவணி வரை எங்கள் கடல் அடங்கி இருக்கும், அந்தக் காலத்தில்தான் நீலத் திமிங்கிலம் தெரியும். துறைமுக வாயிலுக்குக் கிட்டவே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருப்பதால் அவை கரைக்கு இவ்வளவு கிட்ட வருகின்றன, சுவாமி மலையில் இருந்தே சில நாளில் மூச்சு விடுவது தெரியும், 9 மீட்டர் வரைக்கும் எழும்புகிற வெள்ளைத் தூண். காலையில் வெயில் ஏற முன்பு போங்கள், காற்று எழும்பினால் அலைநுரையும் மூச்சும் ஒன்றாகத்தான் தெரியும். கடல் முழுக்கத் தேடாமல் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், ஒரு தரம் மூச்சு தெரிந்தால் அதே பக்கத்தில் கொஞ்ச நேரத்துக்குள் திரும்பத் தெரியும், பிறகு நீளமாக மூழ்கிவிடும். படகில் போனால் ஓட்டுகிறவரிடம் புறப்பட முன்பே சொல்லிவிடுங்கள், 100 மீட்டராவது தள்ளி நிற்கவேண்டும், துரத்தக் கூடாது, முன்னால் போய் மறிக்கக் கூடாது. படகுக்காரர் துரத்துவது உங்களைச் சந்தோசப்படுத்தத்தான், வேண்டாம் என்று காசு கொடுக்கிறவர் சொன்னால் நிறுத்துவார்.

எங்கள் பலன் சாத்திரத்தில் திமிங்கிலத்துக்கு இடமில்லை. பெரிய மீன் விழுங்கிய யூனுஸ் நபியின் கதையும், அதையே யோனா என்று சொல்கிற வேதக்காரரின் கதையும் இருக்கின்றன, தன் வேலையை விட்டு ஓடிய மனிதனை இருட்டுக்குள் உட்காரவைத்து யோசிக்கவைத்த கதை. சைவ வீட்டுப் பிள்ளை திமிங்கிலத்தைக் கண்டால் எந்தப் பஞ்சாங்கத்திலும் பதில் இல்லை. அது ஒரு வசதி என்றே நினைக்கிறேன். யாரும் முன்கூட்டியே சொல்லி வைக்காத ஒன்றைப் பார்க்கிறோம், அது மனதுக்குள் என்ன செய்கிறது என்று அவரவரே கவனிக்கலாம்.

காசு கொடுத்து வாங்காதீர்கள்

இதில் மட்டும் எனக்குக் கோபம் வரும். கொம்பன் யானையின் தந்தத்துக்குள் விளைகிற கஜமுத்து வைத்திருந்தால் லட்சுமி தங்குவாள் என்று விற்கிறார்கள், பிடிபடுகிற செய்தி அடிக்கடி வருகிறது. அதற்காகக் கொம்பன்கள் கொல்லப்படுகின்றன, ஏற்கனவே நூற்றுக்கு ஏழெட்டுத்தான் என்று மேலே சொன்னேன். நரிக்கொம்பு இருந்தால் வழக்கு வெல்லும் என்பார்கள், விற்பனைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை தோலும் எலும்பும் வைத்துச் செய்த போலி. யானைமயிர் மோதிரம், தேவாங்கின் கண், அழுங்குச் செதில், வீட்டில் வளர்த்தால் காசு வரும் என்று விற்கிற நட்சத்திர ஆமை எல்லாம் இதே கணக்கு. பெரும்பாலானவை 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் மாட்டிவிடும், பிணை எடுக்க வருகிறவர் சாத்திரி இல்லை.

பரிகாரமும் அப்படித்தான். கண்ட விலங்குக்குப் பயங்கரமான பலன் சொல்லிவிட்டு அதைத் தீர்க்கிற விலையையும் அவரே சொன்னால் எழும்பி வாருங்கள். மனம் ஆறவில்லை என்றால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடையுங்கள், அது எந்தப் பலனுக்கும் போதும்.

காட்டுக்குள் நடந்து போகிறவர்களுக்கு

கதிர்காமப் பாதயாத்திரை வடக்கில் இருந்து திருகோணமலை வழியாக, வெருகல் சித்திரவேலாயுதரைக் கும்பிட்டு, மட்டக்களப்பு தாண்டி, உகந்தையில் இருந்து குமண, யாலக் காட்டுக்குள் போகிறது. எங்கள் ஊரில் இருந்து சேர்ந்துகொள்கிறவர்கள் கேட்பது, காட்டில் எதையாவது கண்டால் என்ன செய்வது என்று. தனியாகப் போக வேண்டாம், கூட்டத்தை விட்டு முன்னுக்கோ பின்னுக்கோ ஓட வேண்டாம், விடிய முன்பும் பொழுதுபட்ட பிறகும் தண்ணீர்த் துறைக்கு ஒற்றையாகப் போக வேண்டாம். பாலைப்பழம் விழுந்து கிடக்கிற மரத்தடியில் இளைப்பாற உட்கார வேண்டாம், கரடிக்கு அது மிகவும் பிடித்த பழம், வைகாசி ஆனியில் அந்த மரங்களைச் சுற்றியே நிற்கும்.

கரடியால் நடக்கிற காயங்களில் பெரும்பாலானவை, அது தலையைக் குனிந்து தின்னும்போது ஆள் திடீரென்று முன்னால் போய் நிற்பதால் வருபவை. கண்பார்வை குறைவு, அடிப்பது முகத்தில். அதனால்தான் சத்தம் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்கிறார்கள். அரோகரா போடுங்கள், பதிகம் பாடுங்கள். சம்பந்தரின் கோளறு பதிகத்தில் கொலை யானை, பன்றி, நாகம், கரடி என்று ஒவ்வொன்றாக அடுக்கி, அடியாருக்கு இவையெல்லாம் நல்லவை என்று வருகிற பாட்டு ஒன்று இருக்கிறது, கோணமாமலையைப் பாடிய அதே சம்பந்தர். நடுவில் நிற்கிற ஆள் தொடங்கி, முன்னாலும் பின்னாலும் உள்ளவர்கள் சேர்ந்து பாடினால் நல்லது, வரிசையின் இரண்டு முனையிலும் சத்தம் இருக்கும். யானை கிட்ட நிற்கிறது என்று வழிகாட்டி கையைக் காட்டினால் மட்டும் பாட்டை நிறுத்திவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அவர் சொல்கிற பக்கம் நகருங்கள்.